உடைவும் இழவும்: ஸ்காண்டிநேவியக் குற்றத் தொலைக்காட்சித் தொடர்களில் மெய்ப்பாட்டு அமைவு

ஆய்வுச் சுருக்கம்

டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 2007ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பான குற்றத் தொலைக்காட்சித் தொடர்கள் உலகெங்கும் பார்வையாளர்களைப் பெற்றுள்ளன. இருண்ட நிலக்காட்சியும் மெதுவான நடையுமே அவற்றின் தனித்தன்மை என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. ‘ஃபோர்ப்ரூடெல்சன்’, ‘ப்ரூன்’, ‘எஃப்டர்ஃபோர்ஸ்க்னிங்கன்’ ஆகிய மூன்று தொடர்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஆராய்கிறது. குற்றப்புனைவின் வழக்கமான மெய்ப்பாடுகளாகிய மருட்கையையும் அச்சத்தையும் பின்னுக்குத் தள்ளி, இழவின் வழிப் பிறக்கும் அழுகையையும் கொலையின் வழிப் பிறக்கும் வெகுளியையும் எதிரெதிர் நிறுத்துவதே இத்தொடர்களின் அடிப்படை அமைவு என்பதை நிறுவ முயல்கிறது.

கருச்சொற்கள்: ஸ்காண்டிநேவியக் குற்றத்தொடர், மெய்ப்பாடு, இழவு, வெகுளி, மக்கள் இல்லம், பொதுச்சேவை ஒளிபரப்பு.

முன்னுரை

குற்றப்புனைவு ஒரு பிணத்தில் தொடங்குகிறது. துப்பறிவாளர் வருகிறார், தடயங்கள் சேர்கின்றன, ஐயங்கள் ஒவ்வொன்றாய் நீங்குகின்றன, இறுதியில் கொலையாளி வெளிப்படுகிறார். இவ்வமைப்பில் இறந்தவர் ஒரு வினாவாக மட்டுமே எஞ்சுகிறார். வினாவிற்கு விடை கிடைத்தவுடன் அவருக்குக் கதையில் வேலை இல்லை. அவருடைய பெற்றோர் யார், அவர் இல்லாத வீட்டில் மறுநாள் காலை என்ன நடந்தது என்பவற்றைச் செவ்வியல் துப்பறியும் கதை பெரும்பாலும் கேட்பதில்லை.

டென்மார்க்கின் பொதுச்சேவை ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆர். 2007ஆம் ஆண்டு சனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஃபோர்ப்ரூடெல்சன்’ என்னும் தொடர் இக்கேள்விகளைக் கதையின் நடுவிற்குக் கொண்டுவந்தது. ஒரே ஒரு பெண்ணின் மரணத்திற்கு இருபது பகுதிகளை அது ஒதுக்கியது. 2011ஆம் ஆண்டு பிரித்தானியாவில் பி.பி.சி. நான்காம் அலைவரிசையில் மூலமொழியிலேயே, ஆங்கிலத் துணைவரிகளோடு ஒளிபரப்பாகி, அவ்வாண்டே பன்னாட்டுப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. அதன்பின் இவ்வகைத் தொடர்களுக்கு உலகச் சந்தையில் தனியிடம் உருவாயிற்று; மறு ஆக்கங்களும் பெருகின.

பெருக்கத்தோடு ஓர் எளிமைப்படுத்தலும் நிகழ்ந்தது. மழை, இருள், பேசாத பெண் காவலர், சாம்பல் நிற வண்ணம் ஆகியவை இருந்தால் அது ஸ்காண்டிநேவியக் குற்றத்தொடர் என்ற எண்ணம் பரவியது. புறக்கோலத்தை எவரும் படியெடுக்கலாம். படியெடுக்க இயலாதது எது என்பதே இக்கட்டுரையின் வினா. அவ்வினாவிற்கு விடை கிடைத்தால், இவ்வகைத் தொடர்களுள் எவை காணத்தக்கவை, எவை கோலத்தை மட்டும் பூண்டவை என்று பிரித்தறிய ஓர் அளவுகோலும் கிடைக்கும்.

ஆய்வு எல்லையும் அணுகுமுறையும்

ஸ்காண்டிநேவியா என்னும் பெயர் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளைக் குறிக்கும். ஐஸ்லாந்தும் பின்லாந்தும் சேரும்போது நார்டிக் நாடுகள் என்பது வழக்கு. ஐஸ்லாந்தில் 2015இல் வெளிவந்த ‘ஓஃபேர்த்’ போன்ற சிறந்த தொடர்கள் இருப்பினும், டேனிய, ஸ்வீடியத் தொடர்கள் மூன்று மட்டுமே இங்கு ஆய்வு எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. கதைமுடிவுகளை ஆராயாமல் மெய்ப்பாட்டு அமைவை ஆராய இயலாதாகையால், அவையும் பேசப்படுகின்றன.

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டும், அவற்றின் நிலைக்களன்கள் முப்பத்திரண்டும் தமிழாய்வாளர் அறிந்தவை. மெய்ப்பாட்டியலின் தொடக்க நூற்பாக்களை உரையாசிரியர்கள் நாடகச் சுவையோடு இயைத்து விளக்கியிருப்பதால், நிகழ்த்தப்படும் கதைவடிவம் ஒன்றை நோக்க அது பொருந்திய கருவியாகிறது. அயல்நாட்டுப் படைப்பில் தமிழ்க் கோட்பாட்டின் தடயத்தைக் கண்டுபிடிப்பது இங்கு நோக்கமன்று. அப்படைப்பில் நிகழ்வதைத் துல்லியமாகப் பெயரிட்டுச் சொல்ல அக்கோட்பாடு தரும் சொற்களைப் பயன்கொள்வதே நோக்கம்.

நான்கு மெய்ப்பாடுகள் இங்குத் தேவைப்படுகின்றன. மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் பிறக்கும். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியோரால் பிறக்கும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்வழி வரும். வெகுளி உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கின்வழி வரும். கொலை என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் வேறுபடினும் அதன் நேர்ப்பொருளே இங்குக் கொள்ளப்படுகிறது.

இப்பகுப்பில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரே சாவு இரண்டு மெய்ப்பாடுகளுக்கு நிலைக்களனாகிறது. போனவரை நோக்கினால் அது இழவு, அழுகை பிறக்கிறது. கொன்றவரை நோக்கினால் அது கொலை, வெகுளி பிறக்கிறது. புதிரை விடுவிக்கும் துப்பறியும் கதை இரண்டையும் தவிர்த்து, விடுவித்த அறிவின் பெருமையை வியக்கவைக்கிறது. எனவே மருட்கையில் முடிகிறது. ஸ்காண்டிநேவியத் தொடர்கள் இவற்றுள் எதனைத் தேர்கின்றன என்பதே ஆராயத்தக்கது.

1. சொல்லும் சமூகமும்

‘ஃபோர்ப்ரூடெல்சன்’ என்னும் டேனியச் சொல்லின் பொருள் ‘குற்றம்’ என்பதாகும். ஆங்கிலத்தில் இத்தொடருக்குக் ‘கொலை’ என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. இப்பெயர் மாற்றத்தில் பொருள் சுருங்கிவிட்டது. டேனியச் சொல்லின் உள்ளே ‘உடைத்தல்’ என்னும் பொருளுடைய ‘ப்ரூட’ என்ற வினை இருக்கிறது. ஸ்வீடிய மொழியில் குற்றத்தைக் குறிக்கும் ‘ப்ரொட்’ என்னும் சொல்லும் உடைவு, முறிவு என்னும் பொருள்களைத் தரும். எலும்பு முறிவைச் சொல்லவும் அதுவே பயன்படுகிறது. கொலை என்பது ஒரு கணத்தில் முடிந்த செயல். உடைவு அச்செயலுக்குப் பின்னும் நீடிக்கும் நிலை. உடைந்தது எது, எவ்வளவு தூரம் விரிசல் ஓடியது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்நோக்கு தொலைக்காட்சிக்கு முன்பே நாவலில் வேரூன்றியது. ஸ்வீடிய எழுத்தாளர்களாகிய மாய் ஷோவால், பேர் வாலோ ஆகிய இருவரும் இணைந்து 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களை எழுதினர். மார்ட்டின் பெக் என்னும் காவல் அதிகாரியை மையமாகக் கொண்ட அவ்வரிசை முழுமைக்கும் அவர்கள் இட்ட பொதுப்பெயர் ‘ஒரு குற்றத்தின் கதை’ என்பதாகும். அங்கும் பயின்றுவருவது ‘ப்ரொட்’ என்னும் சொல்லே. பத்து நாவல்களில் பல கொலைகள் நிகழ, தலைப்போ ஒரே குற்றத்தைச் சுட்டுகிறது. தனிமனிதர் செய்யும் குற்றங்களுக்கு அடியில் சமூகம் தன் மக்களுக்கு இழைக்கும் குற்றம் ஒன்று உண்டு என்பது இடதுசாரிகளாகிய அவ்விருவரின் நிலைப்பாடு.

அச்சமூகம் தனக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘மக்கள் இல்லம்’. ஸ்வீடிய சமூக ஜனநாயகத் தலைவர் பேர் அல்பின் ஹான்சன் 1928இல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் நாட்டை ஒரு நல்ல வீடாக உருவகித்தார். நல்ல வீட்டில் செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்பது அவ்வுருவகத்தின் சாரம். நலவாழ்வு அரசு அவ்வுருவகத்தின்மீது எழுந்தது. 1986 பிப்ரவரி 28 அன்று பிரதமர் ஓலோஃப் பால்மெ, மனைவியுடன் திரைப்படம் பார்த்துவிட்டுக் காவலரின்றி நடந்து திரும்புகையில், ஸ்டாக்ஹோம் நகரத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2020இல் புலனாய்வு மூடப்பட்டபோதும் அக்கொலைக்காக இறுதியாகத் தண்டனை பெற்றவர் எவரும் இலர். பிரதமர் காவலின்றி நடக்கக்கூடிய வீடு என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. ஹென்னிங் மான்கெல் 1991இல் தொடங்கிய வாலண்டர் நாவல் வரிசை அவ்வுடைவுக்குப் பிந்தைய ஸ்வீடனைப் பேசியது. அவ்வரிசையின் முதல் நாவலில் இறக்கும் தறுவாயில் ஒரு முதியவள் கூறும் ஒற்றைச்சொல், அயல்நாட்டு அகதிகள் மீதான வெறுப்பைக் கிளறிவிடுகிறது.

அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய அசைவு என்பதற்குப் பண்டை நிலை கெட்டு வருந்துதல் என்னும் கருத்துப்பட உரை கூறுவர். இந்நாவல்களில் நாட்டின் நிலையாகப் புலப்படுவது அவ்வசைவே. பின்வந்த தொலைக்காட்சித் தொடர்கள் நாட்டின் அசைவை ஒரு குடும்பத்தின் இழவோடு பிணைத்தன.

2. ஃபோர்ப்ரூடெல்சன்: இருபது நாள் இழவு

சோரன் ஸ்வைஸ்ட்ரூப் படைத்த இத்தொடரின் முதற்பருவம் (2007) 20 பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் நவம்பர் மாதத்தின் ஒரு நாள். நன்னா பிர்க் லார்சன் என்னும் 19 வயதுப் பெண்ணின் உடல், நீரிலிருந்து மீட்கப்பட்ட காரின் பின்பெட்டியில் கிடைக்கிறது. அந்தக் கார் கோபன்ஹேகன் மேயர் பதவிக்குப் போட்டியிடும் ட்ரோல்ஸ் ஹார்ட்மன் என்பவரின் தேர்தல் பணிக்குரியது. இந்த ஒரு செய்தியிலிருந்து மூன்று கதைக்களங்கள் கிளைக்கின்றன. சாரா லுண்ட் (சோஃபி கிரோபெல்) தலைமையிலான காவல் புலனாய்வு ஒன்று. நகரமன்ற அரசியல் மற்றொன்று. நன்னாவின் பெற்றோராகிய தைஸ், பெர்னிலெ ஆகியோரின் வீடு மூன்றாவது.

மூன்றாவது களமே இத்தொடரின் புதுமை. வீடு மாற்றுவோர்க்குப் பொருள் ஏற்றிச் செல்லும் சிறு நிறுவனம் ஒன்றைத் தைஸ் நடத்துகிறார். மகளைத் தேடிச் செல்லும் அவர் காவலர் குழுமியுள்ள நீர்நிலை அருகே வந்து சேர்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் பெர்னிலெ காத்திருக்கிறாள். நிகழ்ந்ததை எவரும் அவளுக்குச் சொற்களால் தெரிவிப்பதில்லை. கணவனின் கதறல் மட்டும் கேட்கிறது. உடலைக் கண்ட காவலரின் முகத்தைவிட, கேட்டு நிற்கும் தாயின் முகத்திற்கே காட்சி முதன்மை தருகிறது. முதற்பகுதியிலேயே தொடர் தன் மெய்ப்பாட்டைத் தேர்ந்துவிடுகிறது.

அடுத்து வரும் பகுதிகளில் புலனாய்வு விரைய, வீடு தேங்கி நிற்கிறது. தம்பியர் இருவருக்கும் செய்தியை எவ்வாறு சொல்வது, இறுதிச்சடங்கை எவ்வாறு நடத்துவது, குடும்பத்தார்க்கு வியப்பளிக்கத் தைஸ் இரகசியமாக வாங்கிய புதுவீட்டை என்ன செய்வது என்பன போன்றவை நாள்தோறும் எழுகின்றன. புலனாய்வுக்கு இவற்றால் தடயம் எதுவும் கிடைப்பதில்லை. கதைநகர்வுக்குத் தேவையற்றவை போலத் தோன்றும் இக்காட்சிகளை நீக்கினால் முதற்பருவம் பாதியாகச் சுருங்கும். சிறந்ததொரு புதிர்க்கதையும் கிடைக்கும். ஆனால் அது ‘கொலை’யாக இருக்குமேயன்றி ‘உடைவு’ ஆகாது.

இழவு நீளுகையில் வெகுளி உள்ளே நுழைகிறது. புலனாய்வில் ஐயத்திற்கு உள்ளாகும் ஒவ்வொருவரும் வீட்டிற்கு ஒரு கொலையாளியாகவே வந்துசேர்கிறார். நன்னாவின் ஆசிரியர் ஒருவர், புலம்பெயர்ந்த பின்புலமுடையவர், குற்றமற்றவராயிருந்தும் பழிவாங்கும் தாக்குதலுக்கு ஆளாகிறார். உண்மைக் குற்றவாளி வீட்டிற்குள்ளேயே இருந்தவர். குடும்பத்தின் நெடுநாள் நண்பரும் தைஸிடம் பணிபுரிபவருமான வாக்ன், துக்க வீட்டில் சிறுவர்க்கு உணவு தந்து, பெற்றோரைத் தேற்றியவர். புலம்பெயர்ந்த குடும்பத்து இளைஞன் ஒருவனுடன் நன்னா வெளியேறவிருந்ததை அவரால் ஏற்க முடியவில்லை. ‘நல்ல வீடு’ என்னும் உருவகத்தின் விரிசல் இங்குப் புலனாகிறது. அந்நியன் மீது விழுந்த ஐயம் வீட்டாள் மீது விழவே இல்லை.

இறுதியில் லுண்ட் தடுத்தும் கேளாமல் தைஸ் வாக்னைச் சுட்டுக் கொல்கிறார். இக்காட்சி நிறைவைத் தருவதில்லை. மகளை இழந்த வீடு இப்போது தந்தையையும் சிறைக்கு இழக்கிறது. புதிருக்கு விடை கிடைத்த கணத்தில் இழவு இரட்டிக்கிறது. மூன்றாம் பருவத்தின் (2012) முடிவில் இதே நிகழ்வு மற்றொரு வடிவில் திரும்புகிறது. சான்றின்றித் தப்பவிருக்கும் குற்றவாளியைச் சாரா லுண்ட் தாமே சுட்டுவிட்டு நாட்டைவிட்டு விமானமேறுகிறார். பொதுமகன் ஒருவனின் வெகுளியைத் தடுக்க முயன்ற சட்டம், ஐந்தாண்டுகளில் தானே அவ்வெகுளிக்கு ஆட்படுகிறது. நாற்பது பகுதிகளையும் ஒருசேர நோக்கினால் இதுவே அத்தொடரின் துன்பியல் வளைவு.

இவ்வமைவு தற்செயலாக விளைந்ததன்று. டி.ஆர். நாடகப் பிரிவு தன் தொடர்களுக்கென்று வகுத்துக்கொண்ட கோட்பாடுகளுள் இரண்டு இங்கு இன்றியமையாதவை. ஒன்று, தொடர் முழுவதும் எழுத்தாளரின் ஒற்றை நோக்கால் ஆளப்பட வேண்டும் என்பது. மற்றொன்று, மேற்கதையின் அடியில் அறம் அல்லது சமூகம் சார்ந்த மற்றொரு கதையும் ஓட வேண்டும் என்னும் இரட்டைக் கதைக் கோட்பாடு. மக்கள் செலுத்தும் கட்டணத்தில் இயங்கிய நிறுவனமாகையால், பொழுதுபோக்கிற்கு மேலான ஒன்றைத் தரக் கடமைப்பட்டதாக அது கருதியது. அமெரிக்காவில் 2011இல் வெளியான மறு ஆக்கம் பெண்ணைக் கொன்றது யார் என்னும் வினாவையே விளம்பரத் தொடராகக் கொண்டது. முதற்பருவம் முடிந்தும் அவ்வினாவிற்கு விடை தரப்படாததால் பார்வையாளர் பலர் கடுஞ்சினம் கொண்டனர். மருட்கையை வாக்களித்துவிட்டு அழுகையைத் தர முயன்றதன் விளைவு அது.

3. ப்ரூன்: அறம் போர்த்திய வெகுளி

ஹான்ஸ் ரோசன்ஃபெல்ட் படைத்த ‘பாலம்’ என்னும் இத்தொடர் (2011–2018, நான்கு பருவங்கள், 38 பகுதிகள்) ஸ்வீடனும் டென்மார்க்கும் இணைந்து தயாரித்தது. ஸ்வீடிய மொழியில் ‘ப்ரூன்’, டேனிய மொழியில் ‘ப்ரோஎன்’ என்னும் இரு பெயர்களும் தொடக்கத் திரையில் ஒருசேரத் தோன்றுகின்றன. 2000ஆம் ஆண்டு சூலையில் திறக்கப்பட்ட ஓரெசுண்ட் பாலம் மால்மோ நகரையும் கோபன்ஹேகனையும் இணைக்கிறது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுடைய அது செயற்கைத் தீவு ஒன்றை அடைந்து, அங்கிருந்து கடலடிச் சுரங்கமாகத் தொடர்கிறது. அப்பாலத்தில் சரியாக எல்லைக்கோட்டின்மீது ஓர் உடல் கிடத்தப்பட்டுள்ளது. தூக்க முயலும்போது அது இரு துண்டாகப் பிரிகிறது. மேற்பாதி ஸ்வீடிய அரசியலாளர் ஒருத்தியுடையது. கீழ்ப்பாதி டேனியப் பாலியல் தொழிலாளி ஒருத்தியுடையது.

ஸ்வீடியக் காவலர் சாகா நொரேனும் டேனியக் காவலர் மார்ட்டின் ரோடெயும் இணைந்து புலனாய்கின்றனர். அவரவர் தம் மொழியிலேயே பேசுகின்றனர். உறவு மொழிகளாகையால் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொள்ள இயலும். எனினும் உண்மை வாழ்வில் அப்புரிதல் திரையில் காட்டப்படும் அளவுக்கு எளிதன்று. இரு மொழிகளுக்கு இடையே நிற்கும் இந்த நெருக்கமும் தொலைவும் தொடரின் கருவோடு இயைகின்றன.

கொலையாளி தன்னை உண்மையின் தூதனாக அறிவிக்கிறான். சட்டத்தின்முன் ஏற்றத்தாழ்வு, வீடற்றோர், மனநோயாளர் புறக்கணிப்பு, குடியேறியோர் நிலை, சிறார் உழைப்பு என ஐந்து சமூகக் கேடுகளைக் கொலைகள் வழியே சுட்டிக்காட்டுவதாகக் கூறுகிறான். அவன் முன்வைக்கும் குற்றச்சாட்டுகளில் உண்மை இருப்பதால் பார்வையாளர் ஒருகணம் தடுமாறுகின்றனர். பின்னர்த் தெரியவருவது வேறு. யென்ஸ் என்னும் அம்முன்னாள் காவலன், தன் மனைவியோடு மார்ட்டினுக்கு இருந்த உறவுக்குப் பழிவாங்கவே அனைத்தையும் திட்டமிட்டிருக்கிறான். அவன் மனைவியும் மகனும் அதே பாலத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தவர்கள். தான் இழந்ததற்கு ஈடாக மார்ட்டினின் மகனைக் கொல்கிறான்.

இத்திருப்பம் சமூக விமர்சனத்தைத் தொடரே கைவிட்டதற்குச் சான்று என்று கூறுவாரும் இருக்கலாம். மெய்ப்பாட்டு நோக்கில் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. இழவை அழுது கடக்க இயலாதவன் அதனை வெகுளியாக மாற்றுகிறான். அவ்வெகுளிக்கு அறத்தின் போர்வையை இடுகிறான். தொல்காப்பியர் கூறும் வெகுளியின் நிலைக்களன்கள் அனைத்தையும் அவன் பிறர்மீது செலுத்துகிறான். பாலத்தில் கிடந்த உடல் உறுப்பறை. மார்ட்டின் குடும்பத்தின்மீதான தாக்குதல் குடிகோள்.

தொடரின் உச்சம் இரண்டாம் பருவத்தின் முடிவில் (2013) அமைகிறது. சிறையிலிருந்த யென்ஸ் இறந்துவிடுகிறான். தற்கொலை என்று அனைவரும் கருத, மார்ட்டின் நஞ்சூட்டிக் கொன்றதைச் சாகா உய்த்துணர்கிறாள். சாகாவுக்கு நட்பு எளிதில் வாய்ப்பதில்லை. பிறர் உணர்வுகளைப் படிக்கத் திணறும் அவளுக்கு வாய்த்த ஒரே நண்பன் மார்ட்டின். அவன் மகனை இழந்தவன் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆயினும் அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். இதனைச் சட்டப்பற்று என்று மட்டும் சுருக்க இயலாது. செய்தபின் அவள் அடையும் தனிமையைத் தொடர் மறைப்பதில்லை. வெகுளியின் சங்கிலி எங்கேனும் அறுபட வேண்டுமாயின் ஒருவர் தமக்குரியதை இழக்க முன்வர வேண்டும் என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. தைஸைத் தடுக்க இயலாத லுண்டும், மார்ட்டினைத் தப்பவிடாத சாகாவும் ஒரே வினாவிற்கு இரு விடைகள்.

மூன்றாம் பருவத்திலிருந்து சாகாவுடன் இணையும் ஹென்ரிக், மனைவியையும் இரு மகள்களையும் காணாமற்போக்கியவன். இறந்தனரா, உயிரோடுள்ளனரா என அறியாத நிலை இழவினும் கொடியது. நான்காம் பருவத்தின் இறுதியில், பாலத்தின்மீது நின்று சாகா தன் காவல் அடையாள வில்லையை நீரில் எறிகிறாள். தொலைபேசி ஒலிக்க, எப்போதும் பெயரோடு துறையையும் நகரையும் சேர்த்துச் சொல்பவள், இம்முறை தன் பெயரை மட்டும் சொல்கிறாள். பிணத்தில் தொடங்கிய தொடர் ஒரு பெயரில் முடிகிறது.

4. எஃப்டர்ஃபோர்ஸ்க்னிங்கன்: பெயரில்லாக் கொலையாளி

‘புலனாய்வு’ என்னும் பொருள்படும் இத்தொடர் (2020, 6 பகுதிகள்) தோபியாஸ் லிண்ட்ஹோல்ம் எழுதி இயக்கியது. 2017 ஆகஸ்டில், நேர்காணலுக்காக ஒரு தனியார் நீர்மூழ்கிக் கலத்தில் சென்ற ஸ்வீடிய இதழாளர் கிம் வால் கொலையுண்டார். 2018இல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உலக ஊடகங்கள் அக்கொலையாளியின் ஆளுமையையும் கலத்தையும் கொலையின் கொடூரத்தையும் ஓயாது பேசின. கொல்லப்பட்டவர் தன் மரணத்தின் வழியாகவே அறியப்பட்டார்.

லிண்ட்ஹோல்ம் இதற்கு மாற்றாக எடுத்த முடிவு எளியது. அதன் விளைவோ பெரியது. ஆறு பகுதிகளிலும் கொலையாளி திரையில் தோன்றுவதில்லை. அவன் பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படுவதில்லை. கொலை காட்டப்படுவதில்லை. அவன் சொன்னவை காவலர் வாய்வழியே செய்தியாக மட்டும் வந்துசேர்கின்றன. எஞ்சியிருப்பது வேலை. கடலில் மூழ்கித் தேடுவோர், நீரோட்டத்தைக் கணக்கிடுவோர், ஸ்வீடனிலிருந்து வரவழைக்கப்பட்ட மோப்ப நாய்கள், கிடைத்த சான்று நீதிமன்றத்தில் நிற்குமா என்று மீண்டும் மீண்டும் வினவும் அரசு வழக்குரைஞர் எனக் காட்சிகள் நகர்கின்றன.

இத்தொடரில் பார்வையாளர்க்குப் புதிர் இல்லை. குற்றவாளி யாரென்று தொடக்கத்திலேயே தெரியும். அவன் தன் கூற்றை ஒவ்வொரு சான்றுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வதால், உடலின் பகுதிகளைக் கண்டெடுப்பதே வழக்கின் உயிர்நாடியாகிறது. பல நாட்கள் கடலில் ஒன்றும் கிடைப்பதில்லை. தேடலின் சலிப்பையும் தொடர் உள்ளவாறே காட்டுகிறது. அச்சலிப்பு கலைக்குறையாகாது. முகமறியா மனிதர் பலர் இறந்த ஒருத்திக்காக நாள்தோறும் குளிர்நீரில் இறங்குவதே அச்சமூகம் அவளுக்குச் செலுத்தும் மரியாதையாகிறது. கோபன்ஹேகன் கொலைப்பிரிவுத் தலைவர் யென்ஸ் முல்லர் கடல்கடந்து பெற்றோரின் இல்லத்திற்குச் சென்று, தெரிந்ததையும் தெரியாததையும் அவர்களிடம் சொல்கிறார். ‘ஃபோர்ப்ரூடெல்சன்’ தொடரில் காவலுக்கும் வீட்டிற்கும் இடையே இருந்த இடைவெளி இங்குக் குறைகிறது.

வெகுளிக்கு ஓர் இலக்கு வேண்டும். கொலையாளியின் முகத்தையும் பெயரையும் நீக்கியதன் வழி இத்தொடர் வெகுளியின் இலக்கை அகற்றிவிடுகிறது. அச்சத்திற்குரிய கள்வனும் இல்லை. மருட்கைக்குரிய புதுமையும் இல்லை. எஞ்சுவது இழவு ஒன்றே. அவ்விழவும் கதறலாக வெளிப்படாது, பெற்றோர் மகளைப் பற்றிப் பேசும் அமைதியான சொற்களில் அடங்கி நிற்கிறது. ஒரு மரணத்தைப் பற்றிய கதையில் பெயர் பெறத் தகுந்தவர் யார் என்ற வினாவிற்கு இது தெளிவான விடை.

5. எதிர்க்கருத்துகள்

மேற்கண்ட முடிவுக்கு எதிராக மூன்று கருத்துகள் எழக்கூடும்.

முதலாவது, உண்மைநிலை பற்றியது. டென்மார்க், ஸ்வீடன் நாடுகளில் ஆண்டுதோறும் நிகழும் கொலைகள் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவிலேயே உள்ளன. சடங்குபோல் கொலைகளை அடுக்கும் தொடர்கொலையாளி அங்கு மிக அரியவர். ஆகவே ‘ப்ரூன்’ போன்ற தொடர்களைச் சமூக ஆவணமாகக் கொள்வது பிழை. இக்கருத்து ஏற்கத்தக்கதே. அவை அச்சமூகத்தின் நிகழ்வுகளைக் காட்டிலும் அதன் கவலைகளையே பதிவுசெய்கின்றன.

இரண்டாவது, பெண்ணுடல் பற்றியது. மூன்று தொடர்களும் கொல்லப்பட்ட பெண்ணிலிருந்தே தொடங்குகின்றன. பெண் காவலரை நடுவில் நிறுத்தியதால் மட்டும் இக்குறை நீங்கிவிடாது. பாலத்தின்மீது இரு பெண்களின் உடலை ஒட்டிவைத்த காட்சி பார்வையாளரை ஈர்க்கவே திட்டமிடப்பட்டது என்பதை மறுக்க இயலாது. கீழ்ப்பாதிக்கு உரியவளைக் குறித்துத் தொடர் மிகக் குறைவாகவே பேசுகிறது. இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோலின்படி ‘ப்ரூன்’ தொடரின் வலுவற்ற இடம் அதுவே. அங்கு மரணம் இழவாகாமல் மருட்கையாகவே நின்றுவிடுகிறது.

மூன்றாவது, அழுகையும் ஒரு நுகர்பொருளாகலாம் என்பது. பிறர் துயரை வசதியான இருக்கையிலிருந்து காண்பதும் ஒருவகை இன்பமே. ‘புலனாய்வு’ தொடர் துயரையும் அளவோடு காட்டி இவ்வையத்தை எதிர்கொள்கிறது. பின்வந்த பல தொடர்கள் அவ்வளவு கவனம் கொள்ளவில்லை. கோலம் பரவிய அளவுக்குக் கட்டுப்பாடு பரவவில்லை.

முடிவுரை

மூன்று தொடர்களின் ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. ஸ்காண்டிநேவியக் குற்றத்தொடரின் தனித்தன்மை அதன் நிலக்காட்சியைவிட மெய்ப்பாட்டுத் தேர்விலேயே உள்ளது. குற்றத்தை உடைவாகக் காணும் அம்மொழிகளின் சொல்வழக்கும், ‘மக்கள் இல்லம்’ என்னும் அரசியல் உருவகமும் அத்தேர்வுக்குப் பின்புலமாகின்றன.

2. ஒரே சாவிலிருந்து பிறக்கும் அழுகையும் வெகுளியும் இத்தொடர்களில் மோதுகின்றன. ‘ஃபோர்ப்ரூடெல்சன்’ வெகுளி வெல்வதையும் அதன் விலையையும் காட்டுகிறது. ‘ப்ரூன்’ வெகுளியின் சங்கிலியை ஒருத்தி தன் இழப்பால் அறுப்பதைக் காட்டுகிறது. ‘எஃப்டர்ஃபோர்ஸ்க்னிங்கன்’ வெகுளிக்கு இடமே தராமல் இழவை மட்டும் நிறுத்துகிறது. 2007 முதல் 2020 வரையிலான இம்மூன்று நிலைகளையும் ஒரு வளர்ச்சிப்போக்காகக் கொள்ள இடமுண்டு.

3. பொதுச்சேவை ஒளிபரப்பின் இரட்டைக் கதைக் கோட்பாடு, இழவுக்குத் தேவையான கால அளவைத் தந்தது. அக்கால அளவின்றி எடுக்கப்படும் மறு ஆக்கங்களில் மெய்ப்பாடு மாறிவிடுகிறது.

4. மெய்ப்பாட்டியலின் நிலைக்களன் பகுப்பு தற்காலக் காட்சி ஊடகத்தை ஆராயவும் பயன்படும் கூர்மையுடையது. சாவை இழவாகவும் கொலையாகவும் பிரித்துக் காணும் அதன் பார்வை குற்றப்புனைவு ஆய்வுக்குத் தனிச்சிறப்பாகப் பொருந்துகிறது.

இவற்றிலிருந்து காணத்தக்க குற்றத்தொடர் எது என்பதற்கு ஓர் எளிய சோதனையும் கிடைக்கிறது. தொடர் முடிந்தபின் பார்வையாளர் நினைவில் நிற்கும் பெயர் எவருடையது என்று கேட்டுப் பார்க்கலாம். கொன்றவனுடையதாயின் அது அச்சத்தின் கதை. கண்டறிந்தவருடையதாயின் மருட்கையின் கதை. இறந்தவருடையதாயின், அச்சாவு ஒரு வினாவாகச் சுருங்காமல் ஓர் உயிரின் இழவாகவே இறுதிவரை நின்றிருக்கிறது.